எல்லைக்கு அப்பாலுள்ள மலைகள்: ஆஸ்திரியப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் குடியிருக்கும் நான், இரண்டு நாள் ஓய்வு கிடைத்தாலும் தெற்கே எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குக் கிளம்பிவிடுவது தெரிந்தவர்கள் அனைவருக்கும் பழகிப்போன செய்தி. இங்கே புதிதாக வேலைக்கு வரும் தமிழர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் அந்த நாட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். வியன்னாவைப் பற்றி இதில் எதுவும் இராது. என் பற்றெல்லாம் மேற்கேயுள்ள மலைநாட்டின் மீதுதான்.

உலகில் எத்தனையோ நாடுகள் இருக்க, ஏன் திரும்பத் திரும்ப ஆஸ்திரியாவுக்கே போகிறீர்கள்?

முதற்காரணம் அருகாமை. மியூனிக்கிலிருந்து எல்லையோர ஆஸ்திரிய ஊரான குஃப்ஸ்டைனுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரமே ஆகிறது. சால்ஸ்பர்க்குக்கும் இன்ஸ்ப்ரூக்குக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் எழுந்து வானத்தைப் பார்த்த பிறகு போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வசதி, விமானம் ஏறிப் போக வேண்டிய எந்த நாட்டிலும் கிடைக்காது.

ஆனால் அருகில் இருப்பதாலேயே ஓர் இடத்தின் மீது அன்பு வந்துவிடாது. ஆஸ்திரியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆல்ப்ஸ் மலைத்தொடருக்குள் அடங்குகிறது. அந்த மலைகளுக்குள் மக்கள் இன்றும் மாடு மேய்த்து, புல் அறுத்து, பாலாடைக்கட்டி செய்து வாழ்கிறார்கள். நாம் நடந்து போகும் பாதை ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகிறது. அந்தப் பாதையின் வழிக்குறிகளுக்கு வண்ணம் பூசியவர் பக்கத்து ஊர் மலைச்சங்கத்தின் தன்னார்வலராக இருப்பார். மலையை வேலி போட்டுக் காட்சிப்பொருளாக வைக்காமல், பிழைப்புக்கும் பொழுதுபோக்குக்கும் ஒருசேர இடமாக வைத்திருக்கும் அந்த ஏற்பாடுதான் என்னை மறுபடியும் மறுபடியும் அங்கே இழுக்கிறது.

சுவிட்சர்லாந்து இதைவிட அழகில்லையா?

உயரத்தில் சுவிட்சர்லாந்துதான் முந்தி நிற்கிறது. அங்கே 4,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் பல உள்ளன. ஆஸ்திரியாவில் ஒன்றுகூட இல்லை, மிக உயர்ந்த க்ரோஸ்க்ளோக்னர் 3,798 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ரயில்களின் ஒழுங்கிலும் சுவிஸ்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆயினும், இரண்டு நாடுகளிலும் ஒரே மாதிரியான அறையில் தங்கி, ஒரே மாதிரியான சாப்பாட்டைச் சாப்பிட்டால், சுவிட்சர்லாந்தில் பணப்பை மிக விரைவாகக் காலியாகும் என்பது போய்வந்த எவருக்கும் தெரியும். ஆஸ்திரியக் கிராமங்களில் குடும்பத்தினர் தங்கள் வீட்டு மாடியிலேயே இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் வீட்டுக்காரப் பெண்மணியே ரொட்டியும் வீட்டில் செய்த பழப்பாகும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்று எந்தப் பக்கம் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லுக்கு வானிலைச் செயலியைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பதுண்டு.

எல்லையைக் கடக்கத் தனி விசா வேண்டுமா?

ஜெர்மனியின் வதிவிட அனுமதி அட்டை உள்ள இந்தியரும் இலங்கையரும் தனி விசா இல்லாமலேயே போகலாம். எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் ஜெர்மனிக்கு வந்திருப்பவர்களுக்கும் அதே விசா போதும். ஆனால் கடவுச்சீட்டையும் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்வது கட்டாயம். 2015 செப்டம்பரில் ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் மீண்டும் தொடங்கிய சோதனை அதன்பின் தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு வருவதால், திரும்பி வரும்போது ரயில் பெட்டிக்குள் காவலர்கள் ஏறுவது வழக்கமான காட்சி. நம் நிறத்தவரிடம் முதலில் வருவார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அட்டையைக் காட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். காட்ட அட்டை இல்லையென்றால் அந்த நாள் வீணாகிவிடும்.

ரயிலில் போவது நல்லதா, காரில் போவது நல்லதா?

நகரத்துக்கோ பெரிய பள்ளத்தாக்குக்கோ போவதென்றால் ரயில்தான். ஜெர்மனியின் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட்டும், மியூனிக் அமைந்துள்ள பவேரியா மாநிலத்தில் ஒரு நாள் பயணத்துக்கான பவேரியா டிக்கெட்டும் வட்டார ரயில்களில் எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரையிலும் குஃப்ஸ்டைன் வரையிலும் செல்லும். அங்கிருந்து உள்ளே போக மட்டும் ஆஸ்திரிய ரயில்வேயின் சீட்டு வாங்கினால் போதும். பள்ளத்தாக்குகளின் கடைசிக் கிராமம் வரை பேருந்து போகும். பல ஊர்களில் தங்குவோருக்குக் கொடுக்கப்படும் விருந்தினர் அட்டையில் அந்தப் பேருந்து இலவசமாகவும் இருக்கும்.

காரில் போனால், விரைவுச்சாலையில் ஏறும் முன் வின்யெட் எனப்படும் சுங்கவில்லையை வாங்கியாக வேண்டும். எல்லையிலிருந்து குஃப்ஸ்டைன் தெற்கு வெளிவழி வரையிலான பகுதி போன்ற சில துண்டுகளுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் விலக்கு உண்டு. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ உறைநீரோ இருந்தால் குளிர்கால டயர்கள் இல்லாமல் ஓட்டுவது குற்றம்.

எல்லை என்று சொல்கிறீர்களே, கடந்துவிட்டோம் என்று கண்ணுக்குத் தெரியுமா?

பல இடங்களில் தெரியாது. எனக்குப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று. ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான 2,962 மீட்டர் ட்சுக்ஷ்பிட்சே எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. ஜெர்மன் பக்கமிருந்து கேபிள் காரில் ஏறி, மேலே மொட்டைமாடி போன்ற தளத்தில் நாலெட்டு நடந்து, ஆஸ்திரியப் பக்கத்துக் கேபிள் காரில் எர்வால்டு ஊர்ப்பக்கம் இறங்கிவிடலாம். ஷெங்கன் ஏற்பாடு வருவதற்கு முன்பு அந்தச் சிகரத்தின் மேலேயே கடவுச்சீட்டுச் சோதனைச் சாவடி இருந்தது.

அதைவிட விசித்திரமானது கிளைன்வால்சர்டால் என்னும் பள்ளத்தாக்கு. ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தைச் சேர்ந்த அந்தப் பள்ளத்தாக்குக்கு மற்ற ஆஸ்திரியப் பகுதிகளிலிருந்து சாலையே கிடையாது. மலைகள் மறித்து நிற்கின்றன. ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் வழியாகத்தான் வண்டியில் போக முடியும். அதனால் 1891-இல் அது ஜெர்மன் சுங்க எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. யூரோ வரும்வரை அங்கே புழங்கியதும் ஆஸ்திரிய ஷில்லிங் அல்ல, ஜெர்மன் மார்க்தான். காவலர் ஆஸ்திரியர், கடையில் கொடுக்கும் காசு ஜெர்மன் காசு என்று நூறாண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

சால்ஸாக் ஆற்றங்கரையில் ஜெர்மன் பக்கம் லாவ்ஃபன், ஆஸ்திரியப் பக்கம் ஓபர்ன்டோர்ஃப் என்று எதிரெதிரே இரண்டு சிற்றூர்கள் உள்ளன. 1816 வரை இரண்டும் ஒரே ஊர். நெப்போலியன் காலத்துப் போர்களெல்லாம் முடிந்து சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவுக்குப் போனபோது ஆற்றின் நடுவே கோடு விழுந்தது. இன்று பாலத்தில் நாய்களை நடத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால், கோட்டைப் பற்றி எவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

முதல்முறை போகிறவர் எங்கே தொடங்கலாம்?

சால்ஸ்பர்க்கில் தொடங்கலாம். பழைய நகரமும், 1077-இல் தொடங்கிக் கட்டப்பட்ட ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையும், கெட்ரைடெகாசே தெருவில் 1756-இல் இசைமேதை மொட்சார்ட் பிறந்த 9-ஆம் எண் வீடும் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் உள்ளன. (அவர் பிறந்தபோது சால்ஸ்பர்க் பேராயர் ஒருவரின் தனி ஆட்சிப்பகுதி, இன்னும் ஆஸ்திரியாவில் சேர்ந்திருக்கவில்லை. இதைச் சொல்லி ஆஸ்திரியர்களைச் சீண்டுவது பவேரியர்களின் பொழுதுபோக்கு.) ஊர் அழகுதான், ஆனால் நாள் முழுவதையும் அங்கேயே கழிக்க வேண்டாம், மலைப்பக்கம் போய்விடுங்கள்.

எல்லோரும் படம் எடுத்துப் போடும் ஹால்ஷ்டாட்டுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏறத்தாழ 750 பேர் வசிக்கும் அந்த ஏரிக்கரைக் கிராமத்துக்குக் கோடைநாளில் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்குகிறார்கள். 2012-இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் இந்தக் கிராமத்தின் நகலையே கட்டி வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேர ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. 2023-இல் ஊர்க்காரர்களே தெருவில் இறங்கிப் போராட்டமும் நடத்தினார்கள்.

பகலில் பேருந்தில் வந்து, கரையோரம் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் அந்த ஊரைப் பார்த்ததாகவே நான் கருதுவதில்லை. ரயிலில் வாருங்கள். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் காட்டோரமாக இருக்கிறது; இறங்கியதும் சரிவில் நடந்து படகுத்துறைக்குப் போனால், ரயிலின் வருகைக்காகவே சிறு படகு காத்திருக்கும். படகு நடு ஏரிக்கு வரும்போது, செங்குத்தான மலையடியில் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கும் மரவீடுகளும் தேவாலயக் கோபுரமும் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும்.

கரையேறிய பிறகு மேலேயுள்ள உப்புச்சுரங்கத்துக்குப் போக வேண்டும். அங்கே ஏழாயிரம் ஆண்டுகளாக உப்பெடுக்கும் தொழில் நடந்துவருகிறது. உப்பில் புதைந்து கெடாமல் கிடந்த மரப்படிக்கட்டு ஒன்றை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுத்தார்கள். அதன் வயது 3,300 ஆண்டுகளுக்கு மேல். சுரங்க அதிகாரியாக இருந்த யோஹான் கியோர்க் ராம்சாவர் 1846 முதல் அகழ்ந்தெடுத்த ஆயிரத்தை நெருங்கும் கல்லறைகளால்தான், ஐரோப்பாவின் முற்கால இரும்பு யுகத்துக்கே இந்தக் கிராமத்தின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. இறங்கி வரும் வழியில் கத்தோலிக்கத் தேவாலயத்தின் எலும்பு மண்டபத்தையும் பாருங்கள். புதைக்க இடமில்லாத ஊராதலால், சில ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் தோண்டி எடுத்து, மண்டையோட்டை வெயிலில் காயவைத்து, நெற்றியில் இறந்தவரின் பெயரையும், சுற்றிலும் இலைக்கொடியோ ரோஜாவோ வரைந்து அடுக்கிவைத்தார்கள். அங்கேயுள்ள ஏறத்தாழ 1,200 மண்டையோடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அப்படி வரையப்பட்டவை. பயமுறுத்தும் இடமாக அது எனக்குப் படவில்லை. குடும்பம் குடும்பமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஊட்டி மலை ரயில் போல அங்கே உண்டா?

உண்டு, உறவே உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவது சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறையில். அதே ஆப்ட் முறையில் 1893-இல் திறக்கப்பட்டது, வோல்ஃப்காங் ஏரிக்கரையிலிருந்து ஷாஃப்பெர்க் மலையுச்சிக்கு ஏறும் ரயில். நீலகிரிப் பாதை குன்னூரை எட்டியது 1899-இல் என்பதால், ஷாஃப்பெர்க் ஆறாண்டு மூத்தது. இரண்டிலும் இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும்.

வேறுபாடு சரிவில்தான். நம் பாதை 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறுகிறது. ஷாஃப்பெர்க்கில் சில இடங்களில் நான்கு அடிக்கு ஓரடி. ஆறு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 1,190 மீட்டர் மேலேறிவிடுகிறது. ஆகையால் நிலையத்தில் சமதளத்தில் நிற்கும் நீராவி இன்ஜினைப் பார்த்தால், கொதிகலன் மூக்கைத் தரையில் இடிக்கப்போவதுபோல் முன்னால் சாய்ந்து நிற்கும். சரிவில் ஏறும்போதுதான் அது நேராகும், உள்ளேயுள்ள நீர்மட்டமும் சமமாக இருக்கும். பெட்டிக்குள் கரிப்புகை வாசம் வந்ததும் குன்னூர் நினைவு வராமல் இருக்காது. எனினும் இங்கே தேயிலையும் இல்லை, நிலையத்தில் வடையும் இல்லை. உச்சியில் 1862 முதல் விடுதி ஒன்று இருக்கிறது. அதன் பின்புறம் மலை செங்குத்தாக அறுபட்டு விழுகிறது, ஆகவே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலைக்குடிலில் தங்குவது என்கிறார்களே, அது எப்படி இருக்கும்?

குடில் என்ற சொல்லை நம்பி ஓலைக்குடிசையை எதிர்பார்க்க வேண்டாம். கல்லும் மரமும் கொண்டு கட்டிய, சில சமயம் நூறு பேருக்கு மேல் படுக்கக்கூடிய கட்டடங்கள் அவை. 1862-இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரிய மலைச்சங்கமும் ஜெர்மன் மலைச்சங்கமும் அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துகின்றன. ஆஸ்திரியாவுக்குள் ஜெர்மன் நகரங்களின் பெயரைத் தாங்கிய குடில்கள் நிறைய இருப்பதற்கும் அதுவே காரணம்.

வாசலைத் தாண்டியதும் முதல் அறை காலணி அறை. சேறு படிந்த காலணிகளைக் கழற்றித் தட்டில் வைத்து, ஊன்றுகோலை மூலையில் சாய்த்துவிட்டு, அங்கே கிடக்கும் கம்பளிச் செருப்புகளில் கால் நுழைகிற ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்து பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து, குடிலின் பதிவேட்டில் பெயரையும், எங்கிருந்து வருகிறோம், நாளை எங்கே போகிறோம் என்பதையும் எழுத வேண்டும். ஒருவர் போன இடம் சேராவிட்டால், மீட்புப் படையினர் முதலில் புரட்டுவது இந்தப் பதிவேட்டைத்தான்.

படுக்கை பெரும்பாலும் பொதுக்கூடத்தில், வரிசையாகப் போட்ட மெத்தைகளில். போர்வை தருவார்கள், உள்ளே நுழைந்து படுக்கும் மெல்லிய துணியுறையை நாம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு. குளியல் உண்டா என்று முதலில் கேட்பவர்களே அதிகம்: சில இடங்களில் காசு போட்டால் சில நிமிடம் வெந்நீர் வரும், பல இடங்களில் முகம் கழுவக் குளிர்ந்த நீர் மட்டுமே. மேலே தண்ணீரும் மின்சாரமும் அவ்வளவு அருமையானவை. குறட்டைக்கு மருந்தில்லை, காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். ரொக்கப் பணமும் வைத்திருங்கள். பள்ளத்தாக்கில் எங்கும் செல்லும் அட்டை மேலே செல்லாமல் போகலாம்.

சங்கத்தில் உறுப்பினரானால் இரவு வாடகையில் சலுகையும், மலைமீட்புச் செலவுக்கான காப்பீடும் சேர்ந்து கிடைக்கும். ஹெலிகாப்டர் மீட்பின் செலவு பல ஆயிரம் யூரோவை எட்டக்கூடும் என்பதால், இந்தக் காப்பீட்டுக்காகவே உறுப்பினராவது நல்லது.

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். பால், பாலாடைக்கட்டி, மாவு, முட்டை ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு விதவிதமாகச் சமைப்பது மலைக்காரர்களின் கைவண்ணம். பாலாடைக்கட்டி உருகி இழையிழையாக நிற்க, மேலே பொரித்த வெங்காயம் தூவி, இரும்புச் சட்டியோடு மேசைக்கு வரும் கேஸ்நோக்கன் ஒருவேளைக்குத் தாராளம். ஆவியில் வேகவைத்து, நடுவில் பிளம்ஸ் பழப்பாகு அடைத்து, மேலே அரைத்த கசகசாவும் சர்க்கரையும் தூவி, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தரும் கெர்ம்க்னோடல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கைசர்ஷ்மாரன் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். முட்டை அதிகம் சேர்த்த தடித்த தோசை போன்ற அப்பத்தைச் சட்டியிலேயே வேகவிட்டு, பாதி வெந்ததும் இரண்டு கரண்டியால் பிய்த்து, வெண்ணெயிலும் சர்க்கரையிலும் புரட்டி, ஓரம் முறுகியதும் பொடிச்சர்க்கரை தூவி, புளிப்பும் இனிப்புமான பிளம்ஸ் பழக்கூட்டோடு தருவார்கள். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகான இனிப்பு என்று எண்ணி வரவழைத்தால் தொலைந்தோம், அதுவே சாப்பாடு.

முட்டையும் சாப்பிடாதவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டி, பாலாடைக்கட்டியோடு சமாளிக்க வேண்டியிருக்கும். அனைவரும் கவனிக்க வேண்டியது ஒன்று: பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் பார்வைக்குச் சைவம், ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது. அதே உருண்டையைச் சாலட்டோடு கேட்டால் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதையில் மாடுகள் நிற்கின்றனவே, பயப்பட வேண்டுமா?

மாட்டோடு பழகி வளர்ந்தவர்கள்தான் இங்கே அதிகக் கவனமாக இருக்க வேண்டும். தட்டிக்கொடுக்கலாம் என்று அருகே போகத் தோன்றும், போகாதீர்கள். கோடை முழுவதும் கன்றுகளோடு மலைமேல் விடப்பட்டிருக்கும் தாய்ப்பசுக்கள் மனிதரைக் கண்டு விலகிப் போவதில்லை, நாயைக் கண்டால் கன்றுக்கு ஆபத்து என்று பாயும். 2014-இல் டிரோல் மாநிலத்தின் பின்னிஸ் பள்ளத்தாக்கில் நாயோடு நடந்து வந்த ஜெர்மன் பெண் ஒருவர் மாடுகள் முட்டி இறந்தார். இழப்பீட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் விவசாயிக்கும் இறந்தவருக்கும் சரிபாதிப் பொறுப்பு என்று முடிந்தது. மேய்ச்சல் நிலங்களையெல்லாம் வேலி போட்டு மூடிவிடுவார்களோ என்று நாடே விவாதித்த வழக்கு அது. அரசு வெளியிட்ட நடத்தை விதிகளின்படி, மாடுகளிடமிருந்து தள்ளி நடக்க வேண்டும், கன்றைத் தொடக்கூடாது, மாடு பாய்ந்தால் நாயின் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும்.

செப்டம்பரில் போனால், மாடுகள் ஊருக்குத் திரும்பும் நாளைக் காணலாம். மலைமேலிருந்து கீழே ஓட்டி வரும்போது, முன்னால் வரும் பசுவின் தலையில் பூவும் பைன் கிளையும் கண்ணாடியும் வைத்துக் கட்டிய பெரிய கிரீடம் இருக்கும். கழுத்தில் பெரிய மணி. அந்தக் கோடையில் மந்தையில் ஒரு மாடு இறந்திருந்தாலோ, குடும்பத்தில் சாவு நேர்ந்திருந்தாலோ அலங்காரம் கிடையாது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசிப் பழகிய நமக்கு அந்த ஊர்வலத்தில் அந்நியம் தோன்றுவதில்லை.

பனியாறு எங்கே பார்க்கலாம்?

க்ரோஸ்க்ளோக்னர் மலைச்சாலையில் போங்கள். ஃபிரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் வகுத்து, வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த காலத்தில் கட்டி, 1935 ஆகஸ்டில் திறந்த அந்தச் சாலை 48 கிலோமீட்டர் நீளம். கொண்டைஊசி வளைவுகள் 36. கொல்லிமலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு வளைவுகள் ஒரு பொருட்டில்லை, சாலையும் அகலமானது. மே மாதம் முதல் நவம்பர் தொடக்கம் வரையில்தான் திறந்திருக்கும். கட்டணம் அதிகம், ஆனால் கொடுக்கலாம்.

சாலையின் கிளை ஒன்று முடியும் ஃபிரான்ஸ் யோசஃப் முகட்டில் நின்றால், எதிரே க்ரோஸ்க்ளோக்னர், கீழே ஆஸ்திரியாவின் மிகப் பெரிய பனியாறான பாஸ்டெர்ட்சே. பெயருக்குத்தான் கீழே. 1963-இல் பயணிகளைப் பனியின் அருகே இறக்குவதற்காகக் கட்டிய இழுவை ரயிலின் கீழ்நிலையம் இன்று வெறும் பாறைச்சரிவின் நடுவே நிற்கிறது. அதற்கும் கீழே நடந்து இறங்கினால், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று குறித்த பலகைகள் வரும். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு நடக்க நடக்க, பனி இன்னும் தள்ளியே இருக்கும். நாம் பிறந்த ஆண்டைத் தாண்டி, பிள்ளைகள் பிறந்த ஆண்டையும் தாண்டிவிடுவோம். மலைச்சங்கம் 1891 முதல் பனியாறுகளை அளந்து வருகிறது. அதன் கணக்கில் 2022–23 பருவத்தில் மட்டும் பாஸ்டெர்ட்சே 203.5 மீட்டர் பின்வாங்கியது. அடுத்த நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஆஸ்திரியாவில் பனியாறே பெரும்பாலும் இராது என்று சங்கத்தின் அளவையாளர்கள் சொல்கிறார்கள். பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

மலைநடைக்குப் பயிற்சி வேண்டுமா? ஆபத்தில்லையா?

பாதைகளில் மஞ்சள் பலகையும், பாறைகளில் சிவப்பு–வெள்ளை–சிவப்புக் கோடும் வழிகாட்டும். பலகையில் சிவப்புப் புள்ளி நடுத்தரப் பாதை, கறுப்புப் புள்ளி கடினமான பாதை. கறுப்பின் பக்கம் பழக்கமில்லாதவர்கள் போகக்கூடாது. தூரத்தைக் கிலோமீட்டரில் போடாமல் நேரத்தில் போட்டிருப்பார்கள். அது மலைக்காரர் நடை. நம் குடும்பங்களுக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கோடையில் பிற்பகலில் இடிமழை திரளும் என்பதால், விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிடுவது நல்லது. மலைமீட்பு எண் 140. எந்தத் தொலைபேசி வலைப்பின்னலிலும் 112. தொலைபேசி எட்டாத இடத்தில், நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கோ விசிலோ அடித்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடித்தால் உதவி கேட்கிறார்கள் என்று பொருள்.

இவ்வளவு புகழ்கிறீர்களே, உறுத்துவது எதுவும் இல்லையா?

உண்டு. பனிச்சறுக்குக்காகச் சிதைத்த மலைச்சரிவுகளைக் கோடையில் பார்த்தால் மனம் கசக்கும். ஆனால் அதைவிட ஆழமானது வரலாறு. 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது, வீதிகளில் பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது. லின்ஸ் நகரருகே மௌட்ஹவுசன் முகாமில் ஏறத்தாழ 1,90,000 பேர் அடைக்கப்பட்டு, குறைந்தது 90,000 பேர் மாண்டார்கள். கருங்கல் சுரங்கத்தின் 186 படிகளில் கைதிகளைக் கல் சுமக்க வைத்தார்கள். நாங்களே ஹிட்லருக்கு முதல் பலி என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்த நாடு, தன் மக்களின் பங்கையும் ஒப்புக்கொண்டது 1991-இல், பிரதமர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் பேசியபோது.

நான் விரும்பும் மலைக்குடில்களும் இதற்கு விலக்கல்ல. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1924-இல், யூத உறுப்பினர்கள் மிகுந்திருந்த டோனாலாண்ட் கிளையை அன்றைய ஜெர்மன்–ஆஸ்திரியக் கூட்டு மலைச்சங்கம் வெளியேற்றியது; குடில் வாசல்களில் யூதர் வர வேண்டாம் என்ற பலகைகள் தொங்கின. இன்று சங்கமே அந்த வரலாற்றை ஆய்ந்து வெளியிட்டிருக்கிறது. இதை அறிந்த பிறகும் எனக்கு அந்த நாட்டின் மீதுள்ள பற்று குறையவில்லை. ஆனால் பழைய குடில் ஒன்றின் சுவரில் 1920-களின் குழுப்படத்தைக் கண்டால், அதில் இல்லாதவர்கள் யார் என்று யோசிக்காமல் என்னால் நகர முடிவதில்லை.

எந்த மாதம் போகலாம்?

நடைக்கு ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் முடிய. நவம்பரிலும், ஈஸ்டர் கழிந்த வாரங்களிலும் கேபிள் கார்களைப் பழுதுபார்க்க நிறுத்திவிடுவார்கள், விடுதிகளும் பாதி மூடியிருக்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. முட்டிவலிக்காரர்களையும் 2,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் உட்காரவைக்கும் கேபிள் கார்கள் ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய பள்ளத்தாக்கிலும் உள்ளன. இன்ஸ்ப்ரூக்கில் நகர மையத்திலேயே ஏறி, இரண்டு மூன்று வண்டி மாறி, அரை மணி நேரத்தில் நோர்ட்கெட்டே மலையின் 2,200 மீட்டரைத் தாண்டிவிடலாம். இதய நோயோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே அவ்வளவு உயரம் போக வேண்டும். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு ஆஸ்திரியாவிலும் செல்லும். அதன் தாளைக் கையில் வைத்திருங்கள்.

ஜூலையிலும் மேலே குளிரும். அம்மாக்கள் புடவையில் வருவதில் தடையில்லை. உள்ளே ஒரு கம்பளிக் காலுறையும், செருப்புக்குப் பதில் பிடிப்புள்ள ஷூவும் இருந்தால் போதும். மேலே போனதும் சுற்றிக் காட்ட அவசரப்படாதீர்கள். குடிலின் வெளிப்பெஞ்சில் வெயில்பட உட்காரவைத்து, கைசர்ஷ்மாரன் ஒன்றை வரவழைத்து, நான்கு கரண்டி கேளுங்கள். காபி சுமாராகத்தான் இருக்கும். அதற்கு வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவது உத்தமம்.